பெரட்டுக் களத்துப் பட்டாளம்

என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் வரலாற்றுக் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பதுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வாசல் படியில் உட்கார்ந்து சின்னத் தாத்தா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. "ரெண்டு தடவ சுட்டேன்டா. ஒண்ணு எருமை மேல பட்டுச்சு. இன்னொண்ணு எங்க போச்சுன்னு அந்த ஆத்துக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். வீட்டுக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ராணுவத் தொப்பியும் கண்ணாடியுமாக நேதாஜி படம் தொங்கியது. அந்தப் படத்துக்குக் கீழே வளர்ந்த பையனுக்கு எருமை போதுமா?

பிறகு ஈப்போவில் முப்பது வருஷம் இடைநிலைப்பள்ளியில் வரலாறு போதித்தேன். இந்திய தேசிய ராணுவத்தை (ஐ.என்.ஏ.) பற்றி இரண்டு விதமான பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மேடையில் ஒன்று: எல்லோரும் புலிகள், எல்லோரும் தியாகிகள். கோப்பிக் கடையில் இன்னொன்று: அதெல்லாம் கூலிக்காரப் பட்டாளம், ஓடிப்போன கூட்டம். இரண்டாவதைச் சொன்னவர்களில் வெள்ளைக்காரர்களைவிட நம் பழைய கிராணி வீட்டுப் பிள்ளைகளே அதிகம். சின்னத் தாத்தா இந்த இரண்டிலும் அடங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு புந்தோங்கில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கச்சாம்பூத்தே கொறித்தபடி இதைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன்.

வழி காட்டியது எதிர்பாராத இடம். சிலுவைப் போரை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் உடனே இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரனை வரைந்து காட்டுவார்கள். அந்தப் படம் முழுப் பொய்யில்லை, ஆனால் சின்னத் துண்டு. 1096இல் முதலில் கிளம்பிய கூட்டம் பெரும்பாலும் குடியானவர்கள். பீட்டர் என்ற துறவியின் பேச்சைக் கேட்டுப் புறப்பட்டவர்கள். அந்த அக்டோபரிலேயே அனத்தோலியாவில் துருக்கியர் அவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். பின்னால் வந்த பிரபுக்களின் படையிலும் ஒரு குதிரைக்காரனுக்குப் பல காலாட்கள், அவர்களோடு சமையல்காரர், பாதிரியார், பெண்டு பிள்ளை. பிரெஞ்சு பேசியவன் ஒருபுறம், இத்தாலிய நார்மன் ஒருபுறம், பிளெமிஷ்காரன் ஒருபுறம். ஒரே தளபதி என்று யாரும் கிடையாது. 1098இல் அந்தியோக்கியாவில் பசியால் குதிரைகள் செத்துப்போய், பெரிய மனுஷ வீரர்களே கழுதையிலும் காலிலுமாகப் போருக்குப் போனார்கள். அடுத்த வருஷம் ஜெருசலேம் மதிலுக்கு முன்னால் மிஞ்சி நின்றவர்கள் சுமார் 1,300 குதிரை வீரரும் 12,000 காலாட்களும்தான் என்று அக்காலக் கணக்கு ஒன்று சொல்கிறது. நகரைப் பிடித்தபின் அவர்கள் செய்த கொலைகளை நான் மறக்கவில்லை. நான் ஒப்பிடுவது அவர்கள் நோக்கத்தை அல்ல, படை எப்படிச் சேர்ந்தது, எப்படிச் சண்டை போட்டது என்பதை மட்டும்.

பார்த்தே இராத ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லி நடந்த படை அது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சின்னத் தாத்தா பிறந்தது பேராக்கில். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை, சாகும்வரை. ஆனால் இருபத்தோரு வயதில் "சலோ தில்லி" என்று கத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

படை சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941 டிசம்பர் கடைசி வாரத்தில் ஜப்பானியர் ஈப்போவுக்குள் வந்துவிட்டார்கள். புத்தாண்டை ஒட்டி நாலு நாள் கம்பாரில் கடும் சண்டை. அந்த மலைச்சரிவில் சீக்கியரும் கூர்க்காக்களும் வெள்ளைக்காரரும் நின்று மோதினார்கள். சிங்கப்பூர் விழுந்து இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபாரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியர் கூட்டி வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியை வைத்து கேப்டன் மோகன் சிங் கட்டியதே முதல் ஐ.என்.ஏ. அது அந்த வருஷக் கடைசியிலேயே ஜப்பானியரோடு மனஸ்தாபம் வந்து கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகுதான் தோட்டக் கதவுகள் திறந்தன.

மோகன் சிங்கின் படையில் இருந்தவர்கள் தொழில் சிப்பாய்கள். பஞ்சாபி முஸ்லிம், சீக்கியர், டோக்ரா, ஜாட். போஸ் வந்தபின் சேர்ந்த பொதுமக்கள் ஏறக்குறைய 18,000 முதல் 20,000 பேர். மொத்தப் படை 40,000 அளவில் என்றால், பாதிக்குக் கிட்ட. அந்தப் பொதுமக்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழர்கள், அதிலும் தோட்டத்துத் தமிழர்கள். சிலுவைப் படையில் குதிரை வீரனும் குடியானவனும் கலந்தது போன்ற கலவை இது. துப்பாக்கி பிடித்துப் பழகிய கை ஒன்று, பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பழகிய கை ஒன்று.

ஏன் போனார்கள்? மேடைக்காரர் சொல்லும் பதில், தேசபக்தி. அது உண்மை. ஆனால் முழு உண்மையை எங்கள் பாட்டி சொன்னார்: "போகலேன்னா சயாமுக்குல்ல புடிச்சிட்டுப் போவான்." துரைமார்கள் ஓடிவிட்டார்கள், ரப்பருக்கு விலை இல்லை, அரிசி இல்லை, மூன்று வேளையும் மரவள்ளி. சயாம் – பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளரை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். அவர்களில் தமிழரே அதிகம். 415 கிலோமீட்டர் பாதை, திரும்பாதவர்கள் பல்லாயிரம். லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் ஆண்கள் பால்மரக் காட்டுக்குள் ஓடி ஒளிவார்களாம். ஐ.என்.ஏ. சட்டை போட்டவனை அந்த லாரி தொடாது. பசி, பயம், போஸின் குரல் தந்த மயக்கம் மூன்றும் கலந்துதான் சின்னத் தாத்தா பெயர் கொடுத்தார். ஐரோப்பாவிலும் கடனுக்குப் பயந்தவன், தண்டனைக்குப் பயந்தவன், பாவமன்னிப்புக்கு ஏங்கியவன் என்று எல்லோரும்தான் தோளில் சிலுவை தைத்துக்கொண்டார்கள். ஒரு மனுஷன் ஒரே ஒரு காரணத்துக்காகப் படையில் சேருவதில்லை.

இனி, சண்டைத் தரம். பயிற்சி தந்த பஞ்சாபி உஸ்தாதுகள் தோட்டத்து ஆட்களைப் பார்த்ததும் முகம் சுளித்திருக்கிறார்கள். குள்ளம், கறுப்பு, எலும்பும் தோலும், மலேரியாவில் மஞ்சளான கண். ராணுவத்தில் "போர்க்குலம்" என்ற கொள்கை ஊறிப்போயிருந்த காலம். அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். தெற்கத்திச் சிப்பாய்க்கு வீரம் வற்றிவிட்டது என்பது அவர் முடிவு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோட்டையை உடைத்ததும் இதே சென்னைப் படைதான், ஆனால் அது யாருக்கு ஞாபகம்? 1920களின் முடிவுக்குள், சாப்பர் பிரிவு தவிர, சென்னைக் காலாட்படைகள் கலைக்கப்பட்டுவிட்டன. 1941இல் ஆள் பற்றாக்குறை வந்ததும் அவசரமாக மறுபடி எழுப்பினார்கள். தேவை வந்தால் குலம் மாறிவிடும் போலும்.

உஸ்தாதுகளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதுதான் பெரட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குத் தோட்டத்தில் மணி அடிப்பார்கள். பால் வெட்டுகிற ஆண் பெண் எல்லோரும் ஆபீஸ் முன் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பேர் வாசிப்பார், தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். தாமதமாக வந்தவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதன்பிறகு இருட்டில் மேடு பள்ளம் நடந்து, நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். வரிசையில் நிற்பது, பேர் சொன்னால் பதில் சொல்வது, அட்டைக் கடியோடு நடப்பது, தோளில் பாரம், அரைவயிற்றுக் கஞ்சி. ஒரு சிப்பாய்க்கு முதல் ஆறு மாதத்தில் சொல்லித்தர வேண்டியதை ரப்பர் கம்பெனி ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தது, அதுவும் ராணுவத்துக்குச் செலவில்லாமல்.

சுடுவதுதான் வரவில்லை. தோட்டாப் பஞ்சம். பயிற்சி முழுக்கக் காலித் துப்பாக்கிதான் என்பார் சின்னத் தாத்தா. அதிகம் பழகியது கத்தி முனைச் சண்டை; வைக்கோல் பொம்மைக்குச் செலவு இல்லை பாருங்கள்.

கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். எழுத்து ரோமன் எழுத்து, வடக்கத்தியான் தெற்கத்தியான் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அந்த எழுத்தும் தெரியாது, அந்த மொழியும் தெரியாது. காதால் கேட்டே பழகினார்கள். என் சின்ன வயதில் கோழியைக் கூண்டுக்குள் விரட்டும்போது சின்னத் தாத்தா "பீச்சே முட்!" (பின்னால் திரும்பு) என்று கத்துவார். கோழிக்கு அது புரிந்தது. போஸ் பேசினால் பக்கத்தில் ஒருவர் தமிழில் மாற்றிச் சொல்வார். மொழிபெயர்ப்பு வரும் முன்னேயே கூட்டம் கை தட்டிவிடும் என்று கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டில் நடந்த மாற்றம் பெரியது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மதத்துக்கும் சாதிக்கும் தனித்தனி அடுப்பு. ஐ.என்.ஏ.வில் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. "ஒரு சர்தார் என் தட்டுல சோறு போட்டான்டா" என்று ஐம்பது வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். லயத்திலேயே மேலத்தெரு, கீழத்தெரு பார்த்த காலத்தில் வளர்ந்த மனுஷர்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் 1943 அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. கோலாலம்பூர் ஜானகி தேவர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து ராசம்மா போன்ற படித்த பெண்களின் பெயர்கள் புத்தகத்தில் நிலைத்துவிட்டன. படையில் அதிகம் இருந்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நூற்றுக்கணக்கில் இருந்த அவர்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. பர்மாவில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கும்போது ஜோசபின், ஸ்டெல்லா என்ற இரண்டு பேர் ரயில் மேல் நடந்த தாக்குதலில் இறந்தார்கள். ஆண்கள் எழுதிய போர்க் கணக்குகளில் அந்த இருவருக்கும் பெரும்பாலும் இடமே கிடைப்பதில்லை.

பேராக் வாசகர்களுக்காக ஒரு தகவல். போஸின் படைகளில் முன்னணியில் நின்ற முதல் கெரில்லா ரெஜிமெண்ட் உருவானது நம் தைப்பிங்கில்தான், 1943 செப்டம்பரில். தளபதி ஷா நவாஸ் கான். ஏற்கெனவே இருந்த காந்தி, நேரு, ஆசாத் படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கி எடுத்த சுமார் 3,000 பேர். போஸ் விரும்பாவிட்டாலும் வீரர்கள் அதைச் சுபாஷ் படை என்றே அழைத்தார்கள். அந்த நவம்பரில் தைப்பிங்கில் ரயிலேறி, சயாம் வழியாக ரயிலும் நடையுமாக 1944 தொடக்கத்தில் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் குடும்பத்தோடு படம் எடுக்கப் போகிறவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிவிக்க அங்கே ஒரு பலகை இருந்தால் நன்றாக இருக்கும்.

அதன்பின் நடந்ததைப் படிக்கும்போது என் மனசு கனத்துவிடும். 1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலை நோக்கிக் கிளம்பினார்கள். ஐ.என்.ஏ.வின் முதல் டிவிஷனில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய சிப்பாய்கள். மோர்ட்டார் இல்லை, பீரங்கி இல்லை, கம்பியில்லாத் தந்திக் கருவி போதாது, கோவேறு கழுதை போதாது. இம்பால் விழுந்தாயிற்று, அங்கே எல்லாம் கிடைக்கும் என்று ஜப்பானியர் சொன்னதை நம்பி, கனமான சாமானைப் பின்னால் விட்டுவிட்டு விரைந்த பிரிவும் உண்டு. சின் மலையில் குளிருக்கு மெல்லிய கம்பளி. சுபாஷ் படையை ஜப்பானியர் பாதை வெட்டவும் மூட்டை சுமக்கவும் வைத்தார்கள் என்று ஷா நவாஸ் கான் பிறகு மனம் நொந்து எழுதினார். ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் ஐ.என்.ஏ. கொடி ஏறியது. பலேல் விமானத் தளத்தைத் தாக்கப் போன காந்தி படை நெருங்கியும் பிடிக்க முடியாமல் திரும்பியது. மழை பிடித்துக்கொண்டது.

அந்த முனைக்குப் போன சுமார் 6,000 பேரைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. சண்டையில் செத்தவர்களும் பிடிபட்டவர்களும் சேர்ந்து சுமார் 400. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் 1,500. சரணடைந்தவர்களும் ஓடிப்போனவர்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,500. மிஞ்சியவர்கள் 2,600 பேர், அவர்களிலும் பெரும்பாலோர் நோயாளிகள். இதை வைத்துக்கொண்டு வீரம் இருந்ததா இல்லையா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? குண்டு கொன்றதைவிடப் பசியும் நோயும் கொன்றது மூன்று மடங்குக்கும் மேல். ஜப்பானியர் நிலைமையும் அதேதான். எண்பதாயிரத்துக்கும் மேல் போய், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தார்கள். அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்வதில்லை.

சிலுவைப் போர் இங்கேயும் உதவுகிறது. 1187 ஜூலையில் ஹத்தீனில் சிலுவைப் படையின் சிறந்த வீரர்கள், கோயில் காவலர்கள், மருத்துவமனைக் காவலர்கள் என்று ஆயுள் முழுக்கப் போரே தொழிலாக இருந்தவர்கள் உட்பட, தண்ணீர் இல்லாத மேட்டில் தாகத்தால் தவித்து சுல்தான் சலாவுதீன் அய்யூபியிடம் அழிந்தார்கள். நாலே வருஷம் கழித்து 1191இல் ஆங்கிலேய மன்னன் ரிச்சர்டின் படை அதே சலாவுதீனை அர்சூஃபில் விரட்டியது. வீரர்கள் அதே ரகம்தான். ரிச்சர்ட் கடற்கரையை விட்டு விலகவில்லை. கரையோரமாகவே சாமான் கப்பல்கள் கூட வந்தன. காலையில் கொஞ்ச தூரம் நடை, மதியம் ஓய்வு. குதிரைகளைச் சுற்றி அம்பெய்யும் காலாட்கள் சுவர் போல நடந்தார்கள். சோறும் தண்ணீரும் கிடைத்த படையின் வீரம் வெளியே தெரிந்தது. இம்பாலில் எந்தக் கப்பலும் கூட வரவில்லை.

சின்னத் தாத்தா இம்பால் போகவில்லை. அவர் நேரு படைப்பிரிவு, நாலாம் கெரில்லா ரெஜிமெண்ட். தோட்டத்துத் தமிழர் நிறைய இருந்த பிரிவு. 1945 தொடக்கத்தில் தளபதி குர்பக்ஷ் சிங் தில்லோனின் கீழ் ஐராவதி ஆற்றங்கரையில், பாகானும் ஞாவுங்கூவும் உள்ள பக்கம், ஆள் குறைவாகவும் கரை நீளமாகவும் நிறுத்தப்பட்டார்கள். பாகான் என்றால் ஆயிரக்கணக்கான பழைய பௌத்தக் கோயில்கள் நிற்கும் ஊர். "எங்க பாத்தாலும் கோபுரம்டா, சாமி யாருன்னுதான் தெரியல" என்பார்.

பிப்ரவரி 14 விடியலில் பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்தது. கடக்க வேண்டிய தூரம் ஒரு மைலுக்கு மேல். முதலில் ஒரு கம்பெனி சத்தமில்லாமல் கரையேறிவிட்டது. பின்னால் வந்த படகுகளின் மோட்டார்கள் மக்கர் செய்து, நீரோட்டம் இழுத்து, வெளிச்சம் வந்த பிறகு நடு ஆற்றில் மாட்டிக்கொண்டன. கரையிலிருந்து ஐ.என்.ஏ.வும் ஜப்பானியரும் இயந்திரத் துப்பாக்கியால் சுட, படகுகள் சிதறித் திரும்பின. அந்தச் சண்டைக்குத்தான் சின்னத் தாத்தாவின் இரண்டாவது தோட்டா போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்புறம் பீரங்கி, டாங்கி, விமானம் மூன்றும் சேர்ந்து கரையை உழுதன. அதே நாள் பாகான் பக்கத்தில் ஐ.என்.ஏ. பிரிவு ஒன்று வெள்ளைக் கொடியோடு படகில் வந்து சரணடைந்தது. எதிரே வந்தது சீக்கியப் படை.

ஒரே ரெஜிமெண்ட், ஒரே காலை, சில மைல் இடைவெளி. ஒரு இடத்தில் நின்று சுட்டார்கள், இன்னொரு இடத்தில் கொடி பிடித்தார்கள். இரண்டையும் சொல்லாதவர் எழுதும் ஐ.என்.ஏ. வரலாற்றை நான் நம்புவதில்லை. பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தன் புத்தகத்தில் ஐ.என்.ஏ.வை மதித்து எழுதவில்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் வெள்ளைக் கொடிப் பக்கம்.

அந்த மார்ச், ஏப்ரலில் போப்பா மலைப் பக்கம் பிரேம் குமார் சாகலின் படை நின்றபோது அதிகாரிகள் சிலரே இரவோடு இரவாக எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பழைய சிப்பாய்க்கு எதிர்ப்பக்கத்தில் அவனுடைய பழைய ரெஜிமெண்ட் நின்றது, அவன் மொழி பேசும் ஆள் நின்றான், அதற்குப் பின்னால் அவன் கிராமமும் அம்மாவும் இருந்தார்கள். தாண்டினால் வீடு. சின்னத் தாத்தாவுக்கு எதிர்ப்பக்கம் யாருமில்லை. அவர் வீடு முதுகுக்குப் பின்னால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, செமோரில் இருந்தது. தோட்டத்து ஆட்களில் பலர் நிலைத்து நின்றதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், ஓடிச் சேர இடம் இல்லாதது இன்னொன்று. அவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ஓடத் தெம்பு வேணாமா" என்றார்.

அவரைப் பிடித்தது ரங்கூனில். போஸ் ஏப்ரல் கடைசியில் நகரை விட்டுப் போகும்போது ஆயிரக்கணக்கான ஐ.என்.ஏ. ஆட்களை மேஜர் ஜெனரல் லோகநாதனின் கீழ் விட்டுச் சென்றார். அவரும் தமிழர், டாக்டர். ஜப்பானியர் வெளியேறி பிரிட்டிஷார் உள்ளே வரும்வரை ஊரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டது அந்தப் படை. ஒரு பெரிய ஊரைச் சில நாள் சும்மா காவல் காத்ததை யார் போர்த்திறன் என்று எண்ணுவார்கள்? 1099இல் ஜெருசலேமுக்குள் நுழைந்தவர்களால் முடியாத காரியம் அது.

பிறகு முள்வேலி, விசாரணை. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்களாம். தில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ், சாகல், தில்லோன் மூவர் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, சின்னத் தாத்தா எந்த நிறத்தில் இருந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் பழையபடி குனிந்து நிற்கவில்லை என்பது மட்டும் ஊரறிந்தது. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்துக் கிளம்பியது. ஐ.என்.ஏ.வில் இருந்து வந்த எஸ்.ஏ. கணபதி தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். போஸின் இயக்கத்திலிருந்து வந்த ஜான் திவி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸை (ம.இ.கா.) தொடங்கினார்.

சின்னத் தாத்தா எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. 1946இல் ஒரு நாள் விடியற்காலை நேரே பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார். புதுத் துரை, பழைய கிராணி. கிராணி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் எங்கடா போன?" என்று கேட்டாராம். "வேலைக்குத்தான் போனேன்யா." அந்த "யா"வைச் சொல்லும்போது கால் தானாகச் சேர்ந்து, கை தொடையில் ஒட்டிக்கொண்டதாம். களமே சிரித்திருக்கிறது. கிராணி சிரிக்கவில்லை. பெயரை எழுதிக்கொண்டு பழைய நிரையையே கொடுத்தார்.

அந்த நிரையில் பாதி மரத்தை ஜப்பான் காலத்தில் மரவள்ளி நடுவதற்காக வெட்டியிருந்தார்கள். மிச்ச மரம் மூணு வருஷமாகக் கத்தி படாமல் நின்றது. முதல் வெட்டுக்கே பால் பொங்கி, மங்கு நிறைந்து வழிந்து, அடிமரமெல்லாம் வெள்ளையாகிவிட்டதாம். அன்றைக்கு மட்டும் அவர் நாலு தடவை காண்டா தூக்கினார்.